நானூறு பவுண்டும் ஒரு குடும்பமும்

ஓசியில கிடைச்சா யாரும் எதையும் வாங்கிக்குவாங்கன்னு சொல்வாங்க இல்லையா? எல்லா ஊருக்கும் அது பொருந்தாது போல.

1952-ல் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் ஒரு ஓவியம் விற்பனைக்கு இருந்தது. விலை 400 பவுண்டு. கலை ஆர்வலர்கள் சிலர் ஒண்ணு சேர்ந்து, அதை வாங்கி நகராட்சியின் ஓவியக்கூடத்துக்குப் பரிசாகக் கொடுக்க முன்வந்தார்கள். நகராட்சி தன் கஜானாவிலிருந்து சல்லிக்காசு எடுக்க வேண்டாம். சுவரில் ஆணி அடிச்சு மாட்டினா போதும். ஆலோசனைக் குழு கூடியது. படத்தைப் பார்த்தது. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது.

சரியா ஐம்பது வருஷம் கழிச்சு, 2002-ல், அதே படம் அதே ஊருக்குத் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதன் மதிப்பு 27.5 லட்சம் யூரோ.

'அட, விலை ஏறின கதைதானா? எங்க ஊர்ல சென்ட் இடத்துக்கே இதைவிடப் பெரிய கதை இருக்கு'ன்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது :-) ஆனா எனக்கு இந்தக் கதையில விலை ரெண்டாம்பட்சம். ஒரு ஊர், தன் வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தன் வரைஞ்சு காட்டினப்போ ஏன் முகத்தைத் திருப்பிக்கிச்சு? அந்தக் கேள்விதான் என்னை இந்தப் படத்தின் பின்னாலேயே சுத்த வச்சது. கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

*

முதல்ல படத்தைப் பார்த்துடுவோம்.

பேரு 'ஒரு குடும்பம்'. 1951-ல் வரைந்தது. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். உயரம் 147 சென்டிமீட்டர், அகலம் 185. அதாவது ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்தா எவ்வளவு நீளமோ அவ்வளவு அகலம். வரைந்தவர் லூயி லெ ப்ரோக்கி.

குடும்பப் படம்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்டுடியோவுல அப்பா நாற்காலியில, அம்மா பக்கத்துல, பசங்க முன்னாடி, பின்னாடி பூந்தொட்டி. ஐரோப்பாவிலும் அப்படித்தான். பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரங்க ஆரம்பிச்சு வச்ச ஒரு மரபு உண்டு. சமையலறை, ஜன்னல் வெளிச்சம், தொட்டில், தையல் வேலை, பால் ஊத்துற பெண் என்று அன்றாட வீட்டு வாழ்க்கையை வரைவது. ராஜா இல்லை, சாமி இல்லை, போர் இல்லை. வீடு மட்டும். அயர்லாந்திலும் வால்டர் ஆஸ்பார்ன், லியோ வீலன் மாதிரி ஆட்கள் இந்த மரபில் அழகழகாக வரைந்திருக்கிறார்கள். பார்த்தால் மனசுக்கு இதமாக இருக்கும். வாங்கி ஹாலில் மாட்டலாம்.

லெ ப்ரோக்கியின் குடும்பத்தை ஹாலில் மாட்டுவது கஷ்டம்.

படம் முழுக்க சாம்பல் நிறம். சிமெண்டு பூசி, வெள்ளையடிக்காமல் விட்ட அறை மாதிரி ஒரு இடம். நடுவில் வெள்ளைத் துணி விரித்த ஒரு மேடை. கட்டிலா, மேசையா, ஆஸ்பத்திரிப் படுக்கையா என்று சொல்ல முடியாது. அதன்மேல் ஒரு பெண் ஆடையில்லாமல் முழங்கையை ஊன்றிப் படுத்திருக்கிறாள். அம்மா. அவளுக்குப் பின்னால் ஒரு ஆண், அவனும் ஆடையில்லாமல், தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்பா. ஓரத்தில் ஒரு குழந்தை, கையில் கொஞ்சம் பூ. துணிக்கு அடியிலிருந்து ஒரு பூனை எட்டிப் பார்க்கிறது. அது பாசமான பூனை இல்லை.

உருவங்கள் எல்லாம் கோணக் கோணமாக வெட்டியதுபோல் இருக்கும். பிக்காசோவைப் பார்த்துப் பழகின கண்ணுக்குப் புதுசு இல்லை. ஆனால் உடம்பு கோணலா இருக்கிறது இல்லை இங்க விஷயம். இந்த நாலு உயிர்களில் ஒன்றுகூட இன்னொன்றைத் தொடவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவும் இல்லை. ஒரே அறை, ஒரே விளக்கு, ஆனால் ஆளுக்கொரு தனிமை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் சிற்பி ஹென்றி மூர் நிறைய குடும்பச் சிலைகள் செய்தார். ஸ்டீவனேஜ் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்காக 1948-49-ல் அவர் செய்த வெண்கலச் சிலை ரொம்பப் பிரபலம். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் குழந்தையை ரெண்டு பேர் கையும் சேர்ந்து ஏந்தியிருக்கும். போர் முடிந்த பிறகு உலகம் கேட்க விரும்பின சேதி அது. 'எல்லாம் சரியாயிடும், சேர்ந்து இருக்கோம்ல.' லெ ப்ரோக்கியின் படம் கேட்பது வேற கேள்வி. 'சேர்ந்துதான் இருக்கோம். அப்புறம்?'

*

யார் இந்த லெ ப்ரோக்கி? பேரைப் பார்த்தா பிரெஞ்சுக்காரர் மாதிரி இருக்கும். குடும்பத்தின் பூர்வீகம் பெல்ஜியம். ஆனால் ஆள் டப்ளினில் 1916 நவம்பர் 10 அன்று பிறந்தவர். அந்த வருஷம் ஈஸ்டர் சமயத்தில்தான் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா டப்ளினில் கிளர்ச்சி வெடிச்சது. ஆக, புது அயர்லாந்தும் இவரும் கிட்டத்தட்ட சமவயசு.

வீட்டில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. தாத்தா காலத்துத் தொழில். பேரனும் அதிலேயே வேலை பார்த்துக்கொண்டு, அதுக்குத் தோதாக வேதியியல் படித்தார். ஓவியப் பள்ளி வாசலை மிதிச்சதே இல்லை. 1938-ல், வயசு 22-க்குள், திடீர்னு எல்லாத்தையும் விட்டுட்டு கிளம்பிட்டார். லண்டன், பாரிஸ், வெனிஸ், ஜெனிவா. வாத்தியார் யாரும் கிடையாது. அருங்காட்சியகங்கள்தான் பள்ளிக்கூடம்.

ஜெனிவாவில் அவருக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மாட்ரிட் நகரம் குண்டுவீச்சில் சிக்கியபோது, ப்ராடோ அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்களைப் பத்திரமாக வெளியே கொண்டுபோனார்கள். அவற்றை 1939 கோடையில் ஜெனிவாவில் காட்சிக்கு வைத்தார்கள். வெலாஸ்கெஸ், கோயா எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. ஒரு நாட்டின் அழிவு, இன்னொரு நாட்டுப் பையனுக்குப் பாடமாச்சு. சரித்திரம் சில சமயம் இப்படித்தான் வேலை பார்க்குது.

உலகப் போர் வந்ததும் டப்ளின் திரும்பினார். அங்கே ராயல் ஹைபர்னியன் அகாடமி என்று ஒரு பழைய அமைப்பு. அவர்களின் வருடாந்திரக் கண்காட்சியில் இடம் கிடைச்சாத்தான் ஓவியன்னு பேரு. 1942-ல் இவருடைய 'ஸ்பானியச் சால்வை' என்ற படத்தை அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க. நம்ம ஆளு சும்மா இருக்கலை. மெய்னி ஜெல்லட், ஈவி ஹோன், நோரா மக்கின்னஸ் போன்ற ஓவியர்களும் சேர்ந்துகொள்ள, 1943-ல் 'வாழும் கலைக்கான ஐரிஷ் கண்காட்சி' என்று ஒன்றைத் தனியாகத் தொடங்கினார்கள். லெ ப்ரோக்கியின் அம்மா சிபில் அதுக்குப் பின்னால் நின்று ஓடியாடி வேலை பார்த்தார். (பையன் ஆலையை விட்டுட்டு ஓவியம் வரையப் போறேன்னு சொன்னா, எத்தனை அம்மாக்கள் அவனுக்காகக் கண்காட்சியே நடத்துவாங்க? சொல்லுங்க!)

கதவு திறக்காட்டி பக்கத்துல இன்னொரு வீடு கட்டுவது இவர் சுபாவம். 1946-ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கிம்ப்பல் ஃபீஸ் என்ற காட்சிக்கூடம் அவர் படங்களை விற்க ஆரம்பித்தது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியிலிருந்தே அயர்லாந்தின் நாடோடி மக்களை, ஊர் ஊராக வண்டி கட்டிப் போய்த் தகரப் பாத்திரம் செப்பனிடுகிறவர்களை, வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படங்களில் நிறம் துள்ளும். சிவப்பு, பச்சை, மஞ்சள்.

1950 வாக்கில் அந்த நிறமெல்லாம் வடிந்து போச்சு. சாம்பல் மட்டும் மிச்சம். 'ஒரு குடும்பம்' அந்தச் சாம்பல் காலத்தின் முதல் பெரிய படம்.

*

ஏன் சாம்பல்? அந்த லண்டனை நினைச்சுப் பாருங்க. குண்டு விழுந்த இடிபாடு இன்னும் அள்ளப்படலை. ரேஷன் தொடருது. ஹிரோஷிமா நடந்து ஆறு வருஷம்தான் ஆகுது. 1949-ல் சோவியத் ரஷ்யாவும் அணுகுண்டு வெடிச்சுக் காட்டிடுச்சு. வீடில்லாத அகதிகள் ஐரோப்பா முழுக்க முகாம்களில் கிடக்கிறார்கள். பிற்காலத்தில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது லெ ப்ரோக்கி சொன்னதன் சாரம் இது: மனிதனின் எல்லாப் பூச்சையும் உரித்தெடுத்து, பழைய கற்காலத்து நிலைக்கே கொண்டுபோய், ஆனால் தலைக்குமேல் மின்சார பல்பு எரிய உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? குகையும் கரண்டும் ஒண்ணா.

இன்னொரு சூட்சுமம் இருக்கு. படுத்திருக்கும் பெண், பூங்கொத்து, பூனை. இது மூணையும் வேற எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? ஆமாம், எட்வர்ட் மானேயின் 'ஒலிம்பியா'. 1863-ல் வரைந்து, 1865-ல் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது ஊரே கொதித்தெழுந்த படம். அதில் படுத்திருப்பவள் ஒரு விலைமாது. வேலைக்காரப் பெண் ஒருத்தி வாடிக்கையாளர் அனுப்பிய பெரிய பூங்கொத்தை நீட்டுகிறாள். காலடியில் கறுப்புப் பூனை.

லெ ப்ரோக்கி அந்தப் பெண்ணை அம்மாவாக்கினார். பூங்கொத்தைச் சுருக்கி ஒரு பிடிப் பூவாக்கி, வேலைக்காரிக்குப் பதில் குழந்தையின் கையில் கொடுத்தார். டிஷன், வெலாஸ்கெஸ், கோயா, மானே என்று நானூறு வருஷமாகப் பார்க்கிறவன் கண்ணுக்கு விருந்தாகப் படுத்திருந்த பெண், இங்கே களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறாள். யாரையும் மயக்குவதற்காக இல்லை. எழுந்திருக்கத் தெம்பில்லாததால்.

ஜெனிவாவில் படித்த பாடம் வீண் போகலை, பார்த்தீங்களா?

*

இனிதான் டப்ளின்.

லண்டனில் காட்டிய பிறகு, 1951 டிசம்பரில் டப்ளினின் விக்டர் வாடிங்டன் காட்சிக்கூடத்தில் இந்தப் படம் தொங்கியது. அந்த வருஷம் அயர்லாந்தில் 'குடும்பம்' என்ற வார்த்தையே வெடிமருந்து மாதிரி இருந்தது. கொஞ்சம் பின்னணி சொன்னாத்தான் புரியும்.

1937-ல் டி வலேராவின் ஆட்சியில் அயர்லாந்து தனக்கென்று புது அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. அதன் 41-வது பிரிவு முழுக்கக் குடும்பத்தைப் பற்றியது. சமூகத்தின் இயற்கையான, அடிப்படையான அலகு குடும்பம்தான் என்கிறது. வீட்டுக்குள் வாழும் தன் வாழ்க்கையால் பெண் நாட்டுக்கு ஆதாரமாக இருக்கிறாள் என்கிறது. பணக்கஷ்டத்துக்காகத் தாய்மார்கள் வீட்டுக் கடமையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் நிலை வராமல் அரசு பார்த்துக்கொள்ள முயலும் என்கிறது. விவாகரத்துக்கு முற்றிலும் தடை. (அந்தத் தடை நீங்க 1995 வரை காத்திருக்க வேண்டியதாச்சு. அதுவும் மயிரிழையில்.) அரசாங்க வேலையில் இருக்கும் பெண் கல்யாணம் ஆனதும் ராஜினாமா செய்யணும்கிற விதி 1973 வரை இருந்தது.

காகிதத்தில் குடும்பத்துக்குக் கோயில் கட்டியாச்சு. நடைமுறையில்? 1951 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன் ராஜினாமா செய்தார். அவர் கொண்டுவந்த திட்டம் ரொம்ப எளிமையானது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் எல்லாத் தாய்மார்களுக்கும் இலவச மருத்துவம். 16 வயசு வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம். வருமானச் சான்றிதழ் எதுவும் கேட்கக் கூடாது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். குடும்பத்துக்குள் அரசு மூக்கை நுழைக்கலாமா என்பது அவர்கள் வாதம். மருத்துவர்கள் சங்கமும் எதிர்த்தது. சக அமைச்சர்கள் அவரைக் கைவிட்டார்கள். பிரவுன் போகிற போக்கில் ஆயர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்!

இன்னொரு பக்கம் வேலை தேடி இளைஞர்கள் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தார்கள். 1951-லிருந்து 1961 வரை பத்து வருஷத்தில் வந்தவர்களைக் கழித்தால் சுமார் 4 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். மொத்த ஜனத்தொகையே 30 லட்சத்துக்குக் கீழ். ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காலி நாற்காலி.

லெ ப்ரோக்கி இதையெல்லாம் மனசில் வைத்து வரைந்தார் என்று நான் சொல்ல வரலை. அவர் வரைந்தது லண்டனில் இருந்துகொண்டு, ஒட்டுமொத்த மனிதகுலத்தை நினைத்து. ஆனால் படம் எங்கே தொங்குதோ அந்த ஊர்க்காற்றும் அதன்மேல் படியும் இல்லையா? சட்டப் புத்தகம் பேசியது குடும்பத்தைப் பற்றி. பெரிய எழுத்தில், ஒரே அச்சில் வார்த்த குடும்பம். படம் பேசியது 'ஒரு' குடும்பத்தைப் பற்றி. அந்த ஒத்தை 'ஒரு'வில்தான் எல்லாச் சங்கடமும்.

*

400 பவுண்டு, பரிசு, நிராகரிப்பு. அது முதலிலேயே சொல்லிட்டேன். படத்தை ஆதரித்தும் எதிர்த்தும் பத்திரிகைகளில் சண்டை நடந்தது. ஆனால் குழு தன் முடிவிலிருந்து இறங்கலை.

அந்தக் குழுவுக்கு இது முதல் முறையும் இல்லை. 1942-ல் பிரெஞ்சு ஓவியர் ரூவோ வரைந்த 'கிறிஸ்துவும் போர்வீரனும்' என்ற படத்தை ஒரு கலை ஆர்வலர் அமைப்பு இதே ஓவியக்கூடத்துக்குப் பரிசாகக் கொடுத்தது. வேண்டாம்னு திருப்பிட்டாங்க. கிறிஸ்து அழகா இல்லையாம்! கடைசியில் அந்தப் படத்துக்கு இடம் கொடுத்தது யார் தெரியுமா? மேநூத் கல்லூரி. பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் இடம். நகராட்சிக்கு உறுத்தின கிறிஸ்து, பாதிரியார்களுக்கு உறுத்தலை.

இதை வச்சுப் பார்த்தா, எல்லாப் பழியையும் மதத்தின் தலையில் கட்டுவது நியாயம் இல்லைன்னு தோணுது. அது ரசனை பற்றிய பயம்னு சொல்லலாம். 'நம்மளைப் பார்த்து நாலு பேர் என்ன சொல்வாங்க'ங்கிற பயம். புதுசா விடுதலை வாங்கின நாடு, உலகத்துக்கு முன்னாடி நல்ல சட்டை போட்டுக்கிட்டு நிக்கணும்னு நினைக்கும். அந்த நேரத்துல ஒருத்தன் துணியையே உருவிட்டு வரைஞ்சா?

இதைவிடப் பெரிய முரண் ஒன்று இருக்கு. இந்த நகராட்சி ஓவியக்கூடத்தை 1908-ல் தொடங்கியவர் ஹியூ லேன். நவீன ஓவியம்னா என்னன்னே டப்ளினுக்குத் தெரியாத காலத்தில் மானே, ரெனுவார் எல்லாம் வாங்கிச் சேர்த்த மனுஷர். 1915-ல் லூசிடானியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தபோது அதில் இருந்தவர்களில் இவரும் ஒருவர். தன் 39 ஓவியங்களை டப்ளினுக்குக் கொடுக்கச் சொல்லி உயிலில் ஒரு பின்குறிப்பு எழுதி வைத்திருந்தார். கையெழுத்தும் போட்டிருந்தார். ஆனால் சாட்சிக் கையெழுத்து இல்லை. அந்த ஒரு ஓட்டையால் படங்கள் லண்டன் வசம் போயின. பல வருஷம் டப்ளின் சண்டை போட்டது. 1933-ல் ஓவியக்கூடம் சார்ல்மான்ட் மாளிகைக்கு மாறியபோது, 'அந்தப் படங்கள் என்னிக்காவது வரும்' என்று ஒரு அறையைக் காலியாகவே விட்டு வைத்தார்கள். 1959-ல்தான் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் ஆச்சு.

யோசிச்சுப் பாருங்க. 1952-ல் அந்தக் கட்டடத்தில், வராத மானேவுக்காக ஒரு அறை காலியாகக் காத்திருக்கு. மானேவிடம் பாடம் படித்த சொந்த ஊர்ப் பையனின் படம் வாசலில் நிக்குது. 'இடம் இல்லை.'

ஒலிம்பியாவின் கதையும் இதுபோலத்தான் போனது, முடிவு மட்டும் வேற. மானே இறந்த பிறகு, அந்தப் படம் வெளிநாட்டுக்கு விலை போயிடுமோன்னு பயந்து, நண்பர் க்ளோட் மோனே உண்டியல் குலுக்காத குறையாக ஊரெல்லாம் பணம் திரட்டினார். சுமார் 20,000 பிராங்க் சேர்ந்தது. படத்தை மானேயின் மனைவியிடம் விலைக்கு வாங்கி, 1890-ல் பிரெஞ்சு அரசுக்குப் பரிசாகக் கொடுத்தார். அரசாங்கம் முணுமுணுத்தது, இழுத்தடித்தது, ஆனால் வாங்கிக்கொண்டது. 1907-ல் அது லூவருக்கே போயிடுச்சு. அதே மாதிரி கூட்டுப் பணம், அதே மாதிரி பரிசு. பாரிஸ் பல்லைக் கடிச்சுக்கிட்டு வாங்கிக்கிச்சு. டப்ளினால் அது முடியலை.

*

மீதிக் கதை வேகமா.

1956-ல் வெனிஸ் பியென்னாலே கண்காட்சிக்கு அயர்லாந்தின் சார்பில் போனவர்கள் இரண்டே பேர். சிற்பி ஹிலரி ஹெரன், ஓவியர் லெ ப்ரோக்கி. 'ஒரு குடும்பம்' அங்கே ஒரு சர்வதேசப் பரிசை வென்றது. படத்தை விலைக்கு வாங்குவதோடு சேர்ந்த பரிசு அது. பணம் கொடுத்தது நெஸ்லே நிறுவனம். ஆமாம், நம்ம பால் பவுடர், காபித்தூள் நெஸ்லேதான். படம் மிலானில் அவர்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் 'நவீன கலையின் 50 ஆண்டுகள்' என்ற பெரிய தொகுப்பில் ஒரு இடம் கிடைத்தது. அப்புறம் பல பத்து வருஷம் மிலானில் அமைதியான வாழ்க்கை. குழந்தை உணவு விற்கிற கம்பெனியின் சுவரில், யாரும் யாரையும் தொடாத ஒரு குடும்பம்.

லெ ப்ரோக்கி பிரான்ஸின் தெற்கே மனைவி, ஓவியர் ஆன் மேடனோடு குடியேறினார். 1963-ல் ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய்த் தன் படங்கள் பலவற்றைத் தானே அழித்தார். மறுவருஷம் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் பாலினீசிய மக்கள் பாதுகாத்து வைத்த முன்னோர் தலைகளைப் பார்த்தார். அங்கிருந்து அவருக்குப் புது வழி பிறந்தது. யேட்ஸ், ஜாய்ஸ், பெக்கெட் என்று அயர்லாந்து எழுத்தாளர்களின் முகங்களை வெள்ளை வெளியிலிருந்து மிதந்து வருவதுபோல் வரைந்துகொண்டே இருந்தார். பேர் தெரிந்த ஓவியர் ஆனார்.

1990-களில் அயர்லாந்தின் பொருளாதாரம் புலிப்பாய்ச்சல் பாய்ந்தது. கையில் காசு வந்ததும், புதுப் பணக்காரர்கள் ஏலக்கூடங்களில் ஐரிஷ் ஓவியங்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். 2000-ல் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் லெ ப்ரோக்கியின் 'செய்தித்தாளுடன் நாடோடிப் பெண்' 11.5 லட்சம் பவுண்டுக்குப் போனது. அடுத்த வருஷம் வில்லியம் ஆர்பென் வரைந்த, குதிரைச் சாட்டையோடு நிற்கும் ஒரு இளம்பெண்ணின் உருவப்படம் 20 லட்சம் பவுண்டை நெருங்கியது.

அந்தச் சூட்டில்தான் 'ஒரு குடும்பம்' மறுபடி விற்பனைக்கு வந்தது. தொழிலதிபர் லாக்லன் குவினும் அவர் மனைவி பிரெண்டாவும் அதை வாங்கி, 2002-ல் அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். மதிப்பு 27.5 லட்சம் யூரோ. இப்படி நாட்டுக்குக் கலைச்செல்வம் கொடுப்பவர்களுக்கு வருமான வரியில் கழிவு தரும் சட்டம் அங்கே உண்டு. அதன்கீழ் வந்த கொடை. அதாவது ஒரு வகையில் பார்த்தா, வரிப்பணம்தான் போச்சு. 1952-ல் ஒரு பென்னி செலவில்லாமல் வந்ததை வேண்டாம்னு சொன்ன ஊர்மக்கள், அவங்க பேரப்பிள்ளைங்க காலத்தில் சுற்றி வளைச்சுக் காசு கொடுத்தாங்க.

கணக்கு போட்டுப் பார்த்தேன். யூரோ வந்தபோது வைத்த மாற்று விகிதத்தில் 400 ஐரிஷ் பவுண்டு என்பது சுமார் 508 யூரோ. ஆக 5,400 மடங்கு! விலைவாசி ஏற்றத்தைக் கழிச்சாலும் தலை சுத்தும்.

அப்போது லெ ப்ரோக்கிக்கு 85 வயசு. அந்த தேசிய ஓவியக்கூடத்தின் நிரந்தர ஐரிஷ் தொகுப்பில் உயிரோடு இருக்கும் ஓவியரின் படம் இடம்பெற்றது அதுதான் முதல் முறை. 'வேண்டாம்' சொன்ன கட்டடத்துக்கும் 'வாங்க' சொன்ன கட்டடத்துக்கும் நடுவில் 2 கிலோமீட்டர் இருந்தா அதிகம். அந்த 2 கிலோமீட்டரைக் கடக்க அந்தப் படம் வெனிஸ், மிலான், பிரஸ்ஸல்ஸ் எல்லாம் சுத்த வேண்டியதாச்சு. 2012 ஏப்ரலில், 95 வயதில், அவர் டப்ளினிலேயே கண்மூடினார்.

*

அந்தக் குழுவில் இருந்தவர்களை முட்டாள்கள்னு சொல்லிட்டுப் போறது சுலபம். ஆனா உண்மையைச் சொல்லிடறேன். இந்தப் படத்தின் அச்சை முதல் தடவை ஒரு புத்தகத்தில் பார்த்தபோது நானும் பக்கத்தைத் திருப்பிட்டேன். பிடிக்கலை. 'இதெல்லாம் ஒரு குடும்பமா'ன்னுதான் எனக்கும் தோணிச்சு. 1952-ல் அந்தக் குழுவில் இருந்திருந்தா நானும் கையைத் தூக்கியிருப்பேனோ என்னவோ.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் திடீர்னு அந்தப் படம் ஞாபகம் வந்தது. எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது அப்பா வேலை பார்த்த மில்லை மூடிட்டாங்க. அன்னிக்கு சாயந்திரம் அப்பா வந்து நாற்காலியில உட்கார்ந்தவர் தலையைத் தூக்கவே இல்லை. அம்மா தரையில கையைத் தலைக்கு வச்சு ஒருக்களிச்சுப் படுத்திருந்தாங்க. நாப்பது வாட்ஸ் பல்பு. ஸ்கூல்ல கொடுத்த ஏதோ ஒரு பரிசை, சோப்பு டப்பான்னு நினைக்கிறேன், காட்டலாம்னு கையில வச்சுக்கிட்டு வாசல் நிலைப்படியில நின்னேன். யாரும் என்னைப் பார்க்கலை. ரொம்ப நேரம் நின்னேன்.

எங்க வீட்டுச் சுவர்ல இருக்கிற குடும்பப் படத்துல நாங்க மூணு பேரும் சிரிச்சுக்கிட்டு இருக்கோம். அதுவும் பொய் இல்லை. ஆனா அந்த சாயந்திரமும் நாங்கதான். அந்த சாயந்திரத்துக்கு ஒரு படம் உலகத்துல எங்கேயோ இருக்குன்னு தெரிஞ்சப்போ வந்த ஆறுதலை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

மறுபடி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அன்னிக்குத்தான் அந்தக் குழந்தை கையில இருக்கிற பூ என் கண்ணுல பட்டது. அவ்வளவு சாம்பலுக்கு நடுவுல, அவ்வளவு பெரிய படத்துல, அதை மட்டும் அந்தக் குழந்தை கீழே போடலை.

டிஸ்கி: டப்ளின் பக்கம் போற யோகம் யாருக்காவது இருந்தா, மெரியன் சதுக்கத்தில் இருக்கிற தேசிய ஓவியக்கூடத்துக்குப் போயிட்டு வாங்க. நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க டிக்கெட் கிடையாது. ஓசிதான். வேண்டாம்னு சொல்லிடாதீங்க :-)